நிலக்கரிப் புகையில் பாதரசம் பிடிக்கிற காபன் தூள்: பக்கத்தில் நின்று வேலை செய்தவனின் விமர்சனம்

பத்துக்கு எட்டுப் புள்ளி கொடுக்கிறேன். புரோமின் ஏற்றிய அக்டிவேட்டட் காபன் தூள், அதாவது நிலக்கரி மின் நிலையத்துப் புகைக்குள் ஊதிவிட்டுப் பாதரசத்தைப் பிடிக்கிற அந்தக் கறுப்புத் தூள், சொன்ன வேலையைச் செய்கிறது. குறைத்த இரண்டு புள்ளியில் ஒன்று தூளின் குணத்துக்கு. மற்றது, பிடித்த பாதரசம் கடைசியில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு.

இதை யாரும் கடையில் போய் வாங்கப் போவதில்லை. ஆனாலும் திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இந்தச் சாமானைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருகிறது என்று 2006 இல் தொடங்கிய பேச்சு, இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்.ரி.பி.சி.யும் சேர்ந்து கம்பனி அமைத்து, ஒப்பந்தம் எல்லாம் எழுதி, சனங்கள் காணிக்கும் கடலுக்குமாகப் போராடி, கடைசியில் 2016 செப்டம்பரில் அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் கைவிடுவதாகச் சொன்னதோடு முடிந்தது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழாவும் நடந்துவிட்டது. சரி, முடிந்த கதை என்று நினைத்தால், கறண்ட் வெட்டு என்ற பேச்சு எழும்பும்போதெல்லாம் தேநீர்க் கடையில் யாராவது ஒருவர் அதைத் திரும்பக் கிளப்புகிறார். "அந்த நிலக்கரியைக் கட்டியிருந்தா இண்டைக்கு இந்த நிலைமை வருமா? இப்ப எல்லாத்துக்கும் பில்டர் இருக்குத் தானே." பில்டர் இருப்பது உண்மைதான். அமெரிக்காவில் ஒரு நிலக்கரி நிலையத்தில் சில வருடங்கள் அந்தப் பில்டருக்குப் பக்கத்திலேயே வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலக்கரியில் பாதரசம் மிகக் கொஞ்சம், தொன்னுக்கு ஏறத்தாழ 0.1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எரிக்கிற அளவு பெரிது. 500 மெகாவாட் நிலையம் மணிக்கு 200 தொன் அளவில் எரிக்கும். அப்படியென்றால் மணிக்கு 20 கிராம் பாதரசம், வருடத்தில் 7500 மணி நேரம் ஓடினால் 150 கிலோ. பாதரசம் பாரமான சாமான் என்பதால் அந்த 150 கிலோவும் 11 லீற்றர் அளவுதான் வரும், ஒரு வாளிக்குள் அடங்கும். கொட்டியாரக் குடா மாதிரி, மகாவலி வந்து விழுகிற, சேறும் கண்டலும் நிறைந்த இடத்துக்கு அதில் ஒரு பங்கு போனாலே போதும். சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பக்றீரியாக்கள் அதை உயிர்களின் உடலில் சேர்கிற நச்சு வடிவமான மெதைல் பாதரசமாக மாற்றிவிடும், அப்புறம் புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும்.

மற்றத் தூசியை எல்லாம் பிடிக்கிறார்கள், பாதரசத்துக்கு மட்டும் ஏன் தனி ஏற்பாடு என்று கேட்பீர்கள். உலையின் சூட்டில் நிலக்கரியில் உள்ள பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி தனி மூலகமாக இருக்கும்வரை தண்ணீரிலும் கரையாது, சாம்பலிலும் இலகுவில் ஒட்டாது, நேரே புகைபோக்கியால் போய்விடும். புகை ஆறி வரும்போது நிலக்கரியில் குளோரின் போதிய அளவு இருந்தால் ஒரு பகுதி ஒட்சியேறிப் பாதரசக் குளோரைட்டாக மாறும், அது கரையும், ஒட்டும், அதனால் பிடிபடும். ஆகவே எந்த நிலக்கரி, எந்த வடிகட்டி என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும். 1999 இல் அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அங்குள்ள நிலையங்களில் இருந்து திரட்டிய தரவு இதை நன்றாகக் காட்டுகிறது. வழக்கமான மின்நிலைத் தூசு வடிகட்டி, தூசியை மின்னேற்றித் தகட்டில் இழுக்கிற, இ.எஸ்.பி. என்கிறார்களே அது, பிட்டுமினஸ் நிலக்கரியில் சராசரியாக 36 வீதப் பாதரசத்தைப் பிடித்தது. குளோரின் குறைந்த சப்-பிட்டுமினஸ் நிலக்கரியில் அதே வடிகட்டி பிடித்தது வெறும் 3 வீதம். புகையைத் துணிப்பைகளுக்குள்ளால் விடுகிற பேக் ஹவுஸ் என்றால் அதே இரண்டு நிலக்கரிக்கும் முறையே 90, 72 வீதம் என்று வந்தது. "எங்களிடம் தூசு வடிகட்டி இருக்கிறது, எல்லாம் சரி" என்று ஒருவர் சொன்னால், எந்த வடிகட்டி, எந்த நிலக்கரி என்று கேளுங்கள். 3 வீதம் பிடிப்பதற்கும் 90 வீதம் பிடிப்பதற்கும் பெயர் ஒன்றுதான்.

இனிச் சாமானுக்கு வருவோம். பெரும்பாலும் லிக்னைட் நிலக்கரியில் இருந்தோ வேறு கரியில் இருந்தோ செய்து, நுண்துளைகள் வரும்படி நீராவியில் உயிரூட்டி, மாவாக அரைத்து, மேலே புரோமின் ஏற்றுகிறார்கள். ஒரு கிராமுக்குள் இருக்கிற துளைகளின் பரப்பை விரித்தால் நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் வரும். பெரும்பகுதித் தூளின் பருமன் 45 மைக்கிரோமீற்றருக்கும் குறைவு. புகை 150 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறி வருகிற குழாயில், வடிகட்டிக்கு முன்னால், நீளக் குழல்கள் வழியாக இதைக் காற்றோடு ஊதிவிடுவார்கள். வடிகட்டியை அடைவதற்கு இருக்கிற ஓரிரு விநாடிக்குள் தூள் பாதரசத்தைப் பிடித்தாக வேண்டும். புரோமின் இல்லாத பழைய தூளுக்குக் குளோரின் குறைந்த நிலக்கரியில் அது முடியவில்லை, எவ்வளவு கொட்டினாலும் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. குளோரினின் வேலையைத் தானே செய்கிற புரோமினை ஏற்றிய தூள் வந்த பிறகு குறைந்த தூளிலேயே 90 வீதம் சாத்தியமானது. நான் வேலை செய்த இடத்தில் எரித்ததும் அந்த வகை நிலக்கரிதான். தூள் ஊதுவதை நிறுத்தினால் புகைபோக்கியில் இருந்த அளவுகருவியின் கோடு கொஞ்ச நேரத்தில் ஏறத் தொடங்கும், திரும்பத் தொடங்கினால் இறங்கும். அதைக் கண்ணால் பார்த்த எனக்கு இந்தச் சாமான் வேலை செய்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை.

தூளோடு பழகுவது மட்டும் கரைச்சல். காற்று ஊட்டிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் மாதிரி ஓடும். காற்று நின்று கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால், தூளைச் சேமித்து வைக்கிற உயரத் தொட்டியான சைலோவின் அடியில் இறுகிப் பாலம் கட்டிவிடும், கீழே இருக்கிற திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் விழாது. திரையில் எல்லாம் சரி என்று காட்டும், ஏனென்றால் மோட்டர் ஓடுகிறதுதானே. உண்மையில் புகைக்குள் ஒரு பிடி தூளும் போய்ச் சேராது. ஊதுகுழலின் வாயும் அடைக்கும், அதுவும் ஈரப்பதன் கூடிய நாட்களில். குழலைக் கழற்றி வெளியே இழுத்தால் நுனியில் விரல் தடிப்பில் கறுப்பு மகுடம் மாதிரிக் கட்டியிருக்கும், தட்டினால் உடையாது, இரும்புக் கம்பியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் மணிக்கட்டில் ஒட்டுகிற கறுப்பு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது. ஒரு தடவை வந்த சாமான் சொன்ன தரத்தைவிடக் கரடுமுரடாக இருந்து, புகைபோக்கியில் பாதரச அளவு திடீரென்று ஏறி, நாங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தோம். விநியோகித்தவர்கள் நீண்ட இழுபறிக்குப் பிறகுதான் மாற்றித் தந்தார்கள். ஒவ்வொரு லொறி வரும்போதும் ஒரு போத்தலில் மாதிரி எடுத்து வைப்பது அதற்குப் பிறகு எங்கள் வழக்கமாகிவிட்டது. நானாக இருந்தால் அந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுவேன்.

இன்னும் குறைகள் உண்டு. கந்தகம் கூடிய நிலக்கரி எரித்தால் புகையில் கந்தக மூவொட்சைட்டு கூடும், தூளின் துளைகளில் பாதரசத்துக்கு முன்னால் அது போய் இருந்துவிடும், அப்புறம் இரண்டு மடங்கு தூள் கொட்ட வேண்டி வரும். புகையின் சூடு கூடினாலும் பிடி தளரும். பைவடிகட்டியின் அடித்தொட்டியில் காபன் கூடிய சாம்பல் சூட்டோடு தேங்கிக் கிடந்தால் தானாகக் கனலத் தொடங்கும். மிச்சிகனில் பிரெஸ்க் ஐல் நிலையத்தில் டொக்ஸெகொன் என்ற முறையை, அதாவது சாம்பலை முதல் வடிகட்டியில் தனியாக எடுத்துவிட்டு அதற்குப் பிறகு தூள் ஊதி இரண்டாவது பைவடிகட்டியில் பிடிக்கிற முறையை, 2006 இல் முழு அளவில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியபோது இந்தப் பிரச்சினைதான் முதலில் வந்தது. தொட்டியைச் சூடாக்குவதையும் சாம்பலை எடுக்கிற முறையையும் மாற்றிச் சரிசெய்தார்கள், 90 வீதமும் எட்டினார்கள்.

விலை? ஓரளவுக்குச் சொல்லலாம். இறாத்தல் ஒரு டொலரைச் சுற்றி வைத்துக்கொண்டு, 500 மெகாவாட் நிலையத்துக்கு மணிக்கு 100 கிலோ ஊதினால், மணிக்கு 220 டொலர். அந்த ஒரு மணி நேரத்தில் நிலையம் தருவது 5 இலட்சம் அலகு மின்சாரம். அலகுக்கு ஒரு சதத்தில் இருபதில் ஒரு பங்கும் வராது, அமெரிக்கச் சதத்தில்தான் சொல்கிறேன். சைலோ, ஊதுகருவி, குழாய் எல்லாம் புகையைக் கழுவிக் கந்தகத்தை எடுக்கிற ஸ்க்ரப்பர் ஒன்று கட்டுகிற செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. அங்கே 2011 டிசம்பரில் பாதரசத்துக்கான மாட்ஸ் விதியை முடிவாக்கியபோது தொழிலே படுத்துவிடும் என்று பெரிய சத்தம் போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2015 இல் இருந்து நிலையங்கள் விதிக்கு இணங்கத் தொடங்கின. 2010 ஐயும் 2017 ஐயும் ஒப்பிட்டால் அங்குள்ள மின் நிலையங்களின் பாதரச வெளியேற்றம் 86 வீதம் குறைந்தது. எல்லாம் இந்தத் தூளால் வந்தது என்று சொல்ல மாட்டேன், பழைய நிலையங்கள் பல மூடப்பட்டன, பல இடங்களில் எரிவாயுவுக்கு மாறினார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்த நிலையங்களில் பெரிய பங்கு இதற்குத்தான்.

"எங்களிட்ட இல்லாத சிரட்டைக் கரியா?" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்வி, சிரட்டையில் இருந்து அக்டிவேட்டட் காபன் செய்து உலகம் முழுவதும் அனுப்புகிற நாடு இது. சிரட்டைக் காபனின் துளைகள் மிக நுண்ணியவை, தண்ணீர் வடிக்கவும் தங்கம் பிரிக்கவும் அதற்கு நல்ல பெயர். புகைக்குள் ஓரிரு விநாடியில் பிடிக்கிற வேலைக்கு உள்ளே போகிற வழி கொஞ்சம் அகலமாகவும் இருக்க வேண்டும், அதனால் லிக்னைட் காபன் முன்னுக்கு வந்தது. நன்றாக அரைத்துப் புரோமின் ஏற்றினால் சிரட்டையாலும் முடியும் என்பது என் எண்ணம், யாராவது இங்கே செய்து பார்த்தால் மிகவும் சந்தோசப்படுவேன்.

போட்டிச் சாமான்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கல்சியம் புரோமைட்டுக் கரைசலை நிலக்கரியிலேயே தெளிப்பது மலிவு, ஆனால் பின்னால் நல்ல ஸ்க்ரப்பர் இருந்தால்தான் பயன். வளிச் சூடாக்கியில் துருவேறுகிற பிரச்சினையும் உண்டு. நைதரசன் ஒட்சைட்டுக்குப் போடுகிற ஊக்கி பாதரசத்தை ஒட்சியேற்றி உதவும், அது ஒரு இலவச இலாபம். நிலக்கரியைக் கழுவினால் பைரைட்டோடு சேர்ந்து கொஞ்சம் போகும், நிலக்கரிக்கு நிலக்கரி வித்தியாசப்படும்.

இனி ஸ்க்ரப்பர். திருகோணமலைக்காரர்கள் இந்த இடத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும். கடலோர நிலையங்களில் கந்தகத்துக்குக் கடல்நீர் ஸ்க்ரப்பர் போடுவது பரவலான வழக்கம். கடல்நீரில் காரத்தன்மை இயற்கையாகவே இருப்பதால் சுண்ணாம்புக் கல் வேண்டாம், செலவு குறைவு. புகையைக் கடல்நீரால் கழுவி, காற்றூட்டி, திரும்பக் கடலுக்கே விடுவார்கள். ஒட்சியேறிய பாதரசம் தண்ணீரில் கரையும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது அங்கே புகையில் இருந்து கழன்று அந்தத் தண்ணீரோடு போகும். புகைபோக்கியில் அளந்தால் பாதரசம் குறைந்திருக்கும், அறிக்கை நன்றாக இருக்கும், குறைந்த அளவு முழுவதும் குடாவுக்குள் போயிருக்கும். ஆழ்கடலைப் பார்த்திருக்கிற கரைக்கே அது நல்லதல்ல, கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் அதை நினைத்தே பார்க்க முடியாது. காபன் தூளுக்கு நான் எட்டுப் புள்ளி கொடுத்ததன் பெரிய காரணம் இதுதான். ஸ்க்ரப்பருக்கு முன்னாலேயே அது பாதரசத்தைக் காய்ந்த சாம்பலோடு சேர்த்துப் பிடித்துவிடும், தண்ணீருக்குப் போக விடாது. ஸ்க்ரப்பரை மட்டும் காட்டிப் பாதரசக் கட்டுப்பாடு இருக்கிறது என்று யாராவது ஒரு திட்டத்தோடு இந்தக் கரைக்கு வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சரி, சாம்பலோடு போனது? பாதரசம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. நல்ல செய்தி என்னவென்றால் இந்தத் தூளில் ஏறியது இறுக்கமாக நிற்கும், சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கசிவுச் சோதனைகளில் மிகச் சொற்பம்தான் வெளியே வருகிறது. கெட்ட செய்தி, அந்தச் சாம்பல் கொங்கிறீட்டுக்கு உதவாமல் போகலாம். கொங்கிறீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழ் வரச் சேர்க்கிற இரசாயனத்தையும் காபன் உறிஞ்சிவிடும். எனவே விற்று வந்த சாம்பலைக் காசு கொடுத்துக் கொட்ட வேண்டி வரும், அந்த நேரத்தில் முகாமையாளர்கள் தூளின் அளவைக் குறைக்கச் சொல்லி வருவார்கள், நான் வேலை செய்த இடத்திலும் வந்தார்கள். இன்னொன்று, அதே சாம்பலைச் சீமெந்துக் கிளிங்கர் சூளைக்குள் மூலப்பொருளாகப் போட்டால் அந்தச் சூட்டில் பிடித்த பாதரசம் முழுவதும் திரும்ப வானத்துக்குப் போய்விடும். சூளைக்குப் பிறகு, அரைக்கும்போது கலந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. சாம்பல் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று எழுத்தில் இல்லாத நிலையத்தில் இந்தத் தூளுக்கு நான் நாலு புள்ளிகூடக் கொடுக்க மாட்டேன்.

அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. கனமீற்றர் புகையில் சில மைக்கிரோகிராம், அவ்வளவுதான். தொடர்ந்து அளக்கிற கருவி விலை கூடியது, அடிக்கடி கவனிப்புக் கேட்கும். எனக்குப் பிடித்தது எளிய முறை. விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே அயடின் ஏற்றிய காபன் இரண்டு பகுதியாக, நடுவில் பஞ்சு. புகைபோக்கிக்குள் சோடியாக வைத்து அளந்த புகையை இழுத்து, எடுத்து, ஆய்வுகூடத்தில் பார்ப்பது. இரண்டாம் பகுதியில் பாதரசம் தெரிந்தால் முதல் பகுதி நிரம்பி வழிந்திருக்கிறது, அந்த அளவு செல்லாது. சோடிக் குழாய் இரண்டும் ஒத்துப் போகாவிட்டாலும் செல்லாது. பொய் சொல்வது கடினமான முறை என்பதால் எனக்கு அதில் மதிப்பு.

மூதூர்ப் பக்கத்து மீன்கார நானா ஒருவருக்கு இதெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது: "அப்ப தம்பி, நாங்க மீன் தின்னாம இருக்கிறதா?" அப்படி இல்லை நானா. இப்போது எங்கள் மீனில் இருக்கிற பாதரசத்துக்கு உலகம் முழுவதும் பங்கு இருக்கிறது. மூலகப் பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் சுற்றும். ஐ.நா.வின் 2018 மதிப்பீட்டில், 2015 இல் மனிதர்களால் காற்றில் சேர்ந்தது 2220 தொன், அதில் 38 வீதம் சிறு தங்கச் சுரங்கங்கள், 21 வீதம் அளவில் நிலக்கரி எரிப்பு. சூடை, கீரி, நெத்தலி எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். சுறாவையும் வாள்மீனையும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சின்னப் பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தால் வாள்மீனையும் சூரை இனங்களையும் ஐரோப்பிய ஒன்றியம் எடுக்காது, ஆகவே கடலில் பாதரசம் கூடுவது மீனவரின் பொக்கற்றையும் தொடும்.

யாருக்குச் சிபாரிசு செய்கிறேன்? புதிதாக நிலக்கரி நிலையம் கட்ட நியாயம் தேடுகிறவர்களுக்கு இல்லை. சம்பூரில் வெயில் இருக்கிறது, அது போதும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற நிலையத்துக்குச் சிபாரிசு செய்கிறேன். இந்த நாட்டில் அது நுரைச்சோலை, மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவாட், உடனே மூடக்கூடியது அல்ல. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது, அதன் 8ஆம் உறுப்புரைப்படி ஏற்கனவே உள்ள நிலக்கரி நிலையங்களுக்கான கட்டுப்பாட்டை 10 வருடத்துக்குள், அதாவது 2027 க்குள், நடைமுறைப்படுத்த வேண்டும். எந்த முறை என்பதை நாடு தெரிவுசெய்யலாம். ஒரு சைலோ, சில ஊதுகுழல்கள், புகைபோக்கியில் ஒரு சோடிக் கண்ணாடிக் குழாய், சாம்பலுக்கு ஒரு எழுத்து மூலத் திட்டம், அளவுகளை மாதாமாதம் புத்தளத்துச் சனங்கள் வாசிக்கிற மாதிரி மூன்று மொழியிலும் வெளியிடுவது. இதைக் கேட்டு எழுதப் போகிறவர்கள் யாராவது இருந்தால் தொழில்நுட்பப் பகுதியை எழுதித் தர நான் தயார்.